பகலில் ஆசிரியர், இரவில் மாணாக்கர்

ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுது புலருமுன் முந்தல் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. கொழும்புக்குச் செல்லும் பஸ் வண்டிக்காகச் சிலர் காத்து நிற்பர். மீன் வியாபாரிகளும், தலைநகர் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளரும், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் வாலிபரும் அவர்களிடையே இருப்பர். இவர்களுக்குச் சற்றே ஒதுங்கி, தோளில் ஒரு பையும் கையில் ஒரு கோவையுமாக இரண்டு மூன்று பேர் நிற்பதையும் காணலாம். ஒருவர் பாடசாலை ஆசிரியை. ஒருவர் பிரதேச செயலகத்தில் எழுதுவினைஞர். மற்றொருவர் இறாற்பண்ணை ஒன்றிற் கணக்கு எழுதுபவர். கல்யாண வீட்டுக்கோ, கோயிலுக்கோ போகிறவர்கள் அல்லர். வாரம் முழுவதும் உழைத்துக் களைத்த பின்னர், கிடைத்த ஒரேயொரு ஓய்வு நாளையும் வகுப்பறைக்குக் கொடுக்கப் புறப்பட்டவர்கள்.

முந்தலிலிருந்து கொழும்பு நூறு கிலோமீற்றருக்குக் குறையாத தூரம். சிலாபத்தையும் நீர்கொழும்பையும் தாண்டிச் சென்று, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏறி நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தை அடைய வேண்டும். மாலையில் அதே வழியே திரும்ப வேண்டும். திங்கட்கிழமை காலை வழக்கம்போல் வேலைக்குப் போக வேண்டும். இவ்விதம் ஓராண்டல்ல, ஐந்தாறு ஆண்டுகள்! இதனை மனவுறுதி என்று புகழ்வாரும் உளர். பைத்தியம் என்று சிரிப்பாரும் உளர். இரண்டிலும் சிறிது உண்மை உண்டு என்பதை அநுபவத்தால் அறிந்தவர்கள் நாம். எனவேதான் இவ்வாரம் இதுபற்றி வாசகர்களுடன் சிறிது மனம்விட்டுப் பேச விரும்புகிறோம்.

உத்தியோகம் பார்த்துக்கொண்டே கற்பது ஏதோ நம் காலத்துப் புதுமை என்று எண்ணுவது தவறு. அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தூரதேசம் செல்லவேண்டியதில்லை. முந்தலிலிருந்து வடக்கே போய், பாலாவியில் மேற்கே திரும்பினால் கற்பிட்டி. அங்கே 1807ஆம் ஆண்டிற் பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. இளவயதிலேயே அரசாங்க மொழிபெயர்ப்பாளராய் உத்தியோகத்தில் அமர்ந்தவர். பின்னர்ப் புத்தளத்தில் மணியகாரராகவும், நிறைவிற் சிலாபத்தில் மாவட்ட நீதிபதியாகவும் கடமையாற்றியவர். அவர் காலத்தில் இந்நாட்டிற் பல்கலைக்கழகமே இல்லை. வரி, வழக்கு, காணித் தகராறு என்று பகலெல்லாம் மக்களோடு மாரடிக்கும் உத்தியோகம். அதற்கிடையில் பல மொழிகளைக் கற்றார். 1834இல், தமது இருபத்தேழாவது வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் குடிகளையும் அகரவரிசைப்படி விளக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்னும் ஆங்கில நூலை வெளியிட்டார். தமிழ்ப் புலவர் ஏறத்தாழ இருநூறு பேரின் வரலாற்றைத் தொகுத்த ‘தமிழ் புளூராக்’ 1859இல் வெளிவந்தது. அதற்கு மறு ஆண்டு அவர் காலமானார். இந்தக் கரையோரத்து மனிதர் ஒருவர் இவ்வளவும் செய்தார் என்பதை நம் மாணவரிற் பலர் அறியார். சந்திக்குச் சந்தி பதாகை கட்டுகிறோம். இவர் பெயரை ஒரு வாசிகசாலைக்கேனும் வைத்தால் என்ன என்று பலமுறை எண்ணியதுண்டு.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் இவ்வகையினரே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. பரீட்சையில், 1857இல், தேறியவர் என்று அவரை நாம் போற்றுகிறோம். அவர் அத்தோடு நின்றாரில்லை. அரசாங்க உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் பதிப்பித்தார். 1871இல் சட்டத்திற் பி.எல். பட்டமும் பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பதை அணுகிக்கொண்டிருந்தது. நாற்பது வயதில் இனி என்ன படிப்பு என்று பெருமூச்சு விடும் நண்பர்கள் இதனைக் கவனிப்பார்களாக.

ஆயினும் எம்போன்ற ஆசிரியர்களுக்கு மிக அணுக்கமானவர் சுவாமி விபுலாநந்தரே. துறவு பூண்டு, யாழ்நூல் இயற்றி, பேராசிரியராய் விளங்கிய பெரியாரைத்தான் பாடப் புத்தகங்கள் காட்டுகின்றன. அதற்கு முந்திய மயில்வாகனனாரை நாம் அதிகம் பேசுவதில்லை. காரைதீவிற் பிறந்து, கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மட்டக்களப்பில் ஆசிரியராய்க் கற்பித்த இளைஞர் அவர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞான டிப்ளோமா பெற்றது 1916இல். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிற் சித்தியெய்தியதும் அதே ஆண்டில். இரசாயனம் ஒரு கையில், தமிழிலக்கணம் மறு கையில்! பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்த காலத்தில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்ஸி. பட்டத்துக்குப் படித்து, 1920இல் அதனைப் பெற்றார். வகுப்பில் நின்று கற்பித்த அதே மனிதர், வீடு வந்ததும் மாணாக்கராய் அமர்ந்தார்.

இலண்டன் பட்டம் இங்கிருந்தே எவ்விதம் கிடைத்தது என்று இளைஞர்கள் வினவலாம். 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம், கல்லூரியில் வந்து படியாதவர்களும் தன் பரீட்சைகளுக்குத் தோற்றலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. 1921இற் கொழும்பில் நிறுவப்பட்ட யூனிவர்சிற்றிக் கல்லூரிகூட, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும்வரை, தன் மாணவரை இலண்டன் பரீட்சைகளுக்கே ஆயத்தம் செய்தது. எழுதுவினைஞர்களும் ஆசிரியர்களும் விளக்கொளியிற் படித்துப் பட்டம் பெற்ற தலைமுறை ஒன்று இவ்வழியே உருவாகியது. பிரித்தானியாவில் 1969இல் திறந்த பல்கலைக்கழகம் தோன்ற, நம் நாட்டிலும் 1980இல் அத்தகைய பல்கலைக்கழகம் அமைந்தது. தொழில் பார்ப்போரை மனத்திற் கொண்டே வகுக்கப்பட்ட நிறுவனம் அது. பட்டம் பெற்று ஆசிரியத் தொழிலிற் சேர்ந்தவர்கள் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பணியில் இருந்தபடியே பயில வழிவகுத்ததும் அதுவே.

சரி, பெரியோர் சரித்திரம் இருக்கட்டும். இன்றைய கணக்கைப் பார்ப்போம். கணக்குப் பாராமல் இறங்குவதுதான் இவ்விஷயத்தில் முதற் பிழை.

இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி, மூன்றாண்டுப் பட்டம் ஒன்றுக்குக் குறைந்தது 90 திறமைப் புள்ளிகள் வேண்டும். ஒரு புள்ளி என்பது மாணவரின் 50 மணி நேர உழைப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, பரீட்சை ஆயத்தம் யாவும் அதனுள் அடங்கும். ஆகவே ஒரு பட்டத்தின் விலை 4,500 மணி நேரம். முழுநேர மாணவர் மூன்றாண்டில் இதனைச் செலுத்துகிறார். அதாவது ஞாயிறு, பொங்கல், வெசாக் எதுவும் விடாமல் நாளொன்றுக்கு நான்கு மணிக்குச் சற்று மேல். உத்தியோகம் உள்ளவருக்கு அது இயலுமா? நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் ஆறு ஆண்டுகளும் சில வாரங்களும் ஆகும். மூன்று மணி ஒதுக்கினால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல். இவ்வளவுதான் கணக்கு. ‘இரண்டே வருடத்திற் பட்டம்’ என்று விளம்பரம் செய்வோர் இந்தக் கணக்கிலிருந்து எந்த மணித்தியாலங்களைக் களவாடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பணத்தைக் கட்டுமுன் அப்பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது புத்தி. காசு கொடுத்தால் ஒப்படை எழுதிக் கொடுக்கும் கடைகளும் இப்பொழுது உண்டாம். ஆசிரியராய் இருந்துகொண்டு அவ்வாசலை மிதிப்பவரைப்பற்றி நாம் எழுதப் புகுந்தால் பத்திராதிபர் வெட்டிவிடுவார், ஆதலால் விட்டுவிடுகிறோம்.

நாளுக்கு இரண்டு மணி என்று தாளில் எழுதுவது எளிது. முந்தலில் அந்த இரண்டு மணியை எங்கே தேடுவது? மாலையில் தேடினால் அகப்படாது என்பதே எம் முடிபு. பாடசாலை விட்டு வந்ததும் சந்தை, தண்ணீர், பிள்ளைகளின் வீட்டுவேலை, அயல்வீட்டு மரணம், உறவினர் வருகை. உடப்புத் திரௌபதியம்மன் உற்சவமும் தீமிதிப்பும் வந்தால் எவர் புத்தகத்தைத் திறப்பார்? அது முடிய முன்னேஸ்வரத் திருவிழா. நாம் சைவர்கள், கோயிலுக்குப் போகாதிருக்கச் சொல்லவில்லை. அந்த வாரங்களிற் படிப்பு நடவாது என்பதை முன்கூட்டியே நாட்காட்டியிற் குறித்துவிட்டு, அதற்கு முந்திய மாதத்தில் ஒப்படையை முடித்துவிட வேண்டும் என்பதே எம் வேண்டுகோள். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாலைப்பொழுது இதற்கெனச் செலவழித்தால், பின்னாற் பல இரவுகள் மிஞ்சும்.

கிடைக்கும் நேரம் அதிகாலையே. இந்தக் கரையில் அதிகாலை ஒன்றும் அதிசயமன்று. உடப்பிற் கரைவலை இழுப்போர் அம்பாப் பாடலோடு வேலையைத் தொடங்கும் போது ஊரின் பாதி விழித்திருக்கும். நான்கு மணி தொடங்கி ஆறு மணி வரை தொலைபேசி ஒலியாது, பிள்ளை அழைக்காது, மூளையும் தெளிவாய் இருக்கும். ஆனால் இரவு பத்து மணிக்கு முன் படுத்தவருக்கே இது பொருந்தும். நள்ளிரவு வரை தொலைக்காட்சி பார்த்துவிட்டு நான்கு மணிக்கு எழுபவர் இரண்டாம் வாரம் வகுப்பிற் பிள்ளைகளின் முன்னே தூங்கி விழுவார். நாம் விழுந்திருக்கிறோம். நான்காம் வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன், “சேர், மணி அடித்துவிட்டது” என்று எழுப்பிய வெட்கம் இன்னும் ஆறவில்லை.

எம் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டோம், மறைப்பானேன்? உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய புள்ளியிற் சிறிதே குறைந்து நின்றவர்கள் நாம். ஆசிரியர் பயிற்சி பெற்று, தொழிலில் அமர்ந்து, மணமாகி, ஒரு பெண் குழந்தையும் பிறந்தபின் வெளிவாரிப் பட்டத்துக்குப் பதிவு செய்தோம். முதலாண்டிலேயே எல்லாப் பாடங்களையும் ஒருங்கே எடுத்தோம். சம்பளம் போதாமையால் மாலையில் மேலதிக வகுப்பும் நடத்தினோம். எஞ்சிய நேரம் இரவு மட்டுமே.

ஓரிரவு குழந்தைக்குக் காய்ச்சல். மறுநாட் காலை பரீட்சை. எம் இல்லாள் இரண்டு முறை அறைக்கு வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமற் போய்விட்டார். மூன்றாம் முறை அவர் வரவில்லை. நாம் தண்ணீர் குடிக்க எழுந்தபோது வீட்டில் எவரும் இல்லை. அயல்வீட்டாரை எழுப்பி, அவருடைய முச்சக்கர வண்டியிற் குழந்தையை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றிருந்தார். எம்மை அழைக்கவில்லை, அழைத்தாற் பரீட்சை கெட்டுவிடும் என்று எண்ணினாராம். குழந்தை பிழைத்தது. நாம் பரீட்சைக்குச் சென்றோம். வினாத்தாளில் இருந்தது ஒன்றும் கண்ணிற் படவில்லை. அவ்வாண்டு எடுத்த பாடங்களிற் பாதிக்கு மேல் தோல்வி. குற்றம் பல்கலைக்கழகத்தினுடையதன்று, வினாத்தாளினுடையதுமன்று.

அதன் பின்னரே எமக்குச் சிறிது அறிவு வந்தது. மேலதிக வகுப்பை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்தோம். வருவாய் குறைந்தது, வீட்டிற் புதிய கதவு போடுவது மூன்றாண்டு தள்ளிப் போயிற்று. பாடங்களை ஆண்டுக்கு இரண்டு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். பரீட்சை நாட்களைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி, அவற்றுக்கு முந்திய வாரங்களில் எதை யார் பார்ப்பது என்று இல்லாளும் நாமும் இருந்து பேசினோம். மூன்றாண்டில் முடிப்போம் என்று எண்ணியது ஏழாண்டாயிற்று. பட்டமளிப்பு விழாப் படத்தில் எம் மகள் எம்முடைய தொப்பியை அணிந்துகொண்டு நிற்கிறாள். அப்பொழுதே அவளுக்கு அது அளவாக இருந்தது!

இப்போதுள்ளவர்களுக்குச் சில வசதிகள் கூடுதல். 2020இல் கொரோனாத் தொற்றினால் நாடு முடங்கியபோது வகுப்புகள் இணையவழிக்கு மாறின. அவற்றிற் சில அப்படியே நிலைத்துவிட்டன. கொழும்புப் பயணங்கள் குறைந்தன. ஆயினும் ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பு வீட்டுக்கு வந்ததும், வீடும் வகுப்புக்குள் வந்துவிட்டது. அடுப்பிற் கறி, மடியிற் குழந்தை, காதிற் பேராசிரியர்! 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களில், கைத்தொலைபேசியின் மின்கலம் தீருமுன் விரிவுரையைக் கேட்டுவிட வேண்டும் என்று ஓடித் திரிந்தவர்களை நாம் அறிவோம். கொழும்புக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஒரு நாளாவது முழுவதும் தன் நாளாக இருந்தது. இணையவகுப்பில் அதுவும் போயிற்று. ஆண்டுக்குச் சில தடவையேனும் நேரிற் சென்று, சக மாணவரோடு அமர்ந்து படித்து வருவது நன்று என்பதே எம் கருத்து.

பெண்களின் விஷயத்தை இங்கு தனியே குறிப்பிடாமல் முடியாது. ஓர் ஆண் நாற்பது வயதிற் படித்தால் ஊர் அவரைக் கெட்டிக்காரர் என்கிறது. ஒரு பெண் படித்தால், பிள்ளையை யார் பார்ப்பது என்று கேட்கிறது. கேட்பவர்களிற் பலர் படித்தவர்களே என்பதுதான் வியப்பு.

சென்ற ஆண்டு இறுதியில் ஒரு மாலை, எம்முடன் முன்னர் ஒரே பாடசாலையிற் கற்பித்த இளம் ஆசிரியை ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆரம்ப வகுப்பு ஆசிரியை. பட்டம் பெற்றால் மேல்வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கலாம் என்பது அவர் ஆசை. பதவி உயர்வுக்கும் அது வழி. இரண்டாண்டு படித்து 30 புள்ளிகளைச் சேர்த்துவிட்டார். கணவர் இறாற்பண்ணை ஒன்றில் மேற்பார்வையாளர். மகன் மூன்றாம் வகுப்பு. மாமியாருக்குச் சர்க்கரை நோய். காலிற் புண் ஆறாமல் மாதக் கணக்கில் வைத்தியம்.

“சேர், இந்த முறை பதிவு செய்யாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் தந்த புத்தகங்களைத் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்” என்றார்.

புத்தகங்களை நாம் வாங்கவில்லை. அடுத்த போயா தினத்தன்று எம் இல்லாளும் நாமும் அவர்கள் வீட்டுக்குச் சென்றோம். எமக்கு அங்கே உபதேசம் செய்யும் எண்ணம் இல்லை. எம் வீட்டுக் காய்ச்சற் கதையைத்தான் இல்லாள் சொன்னார். நாம் சொல்லும்பொழுது விட்டுவிடும் சில பகுதிகளையும் சேர்த்தே சொன்னார். கணவர் வெகு நேரம் பேசாதிருந்தார். பின்பு, “படி என்று முதலிற் சொன்னது நான்தான் அக்கா. ஆனால் சொன்னதைத் தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை” என்றார். அதைவிட நேர்மையான பேச்சை அண்மையில் நாம் கேட்டதில்லை.

அதன்பின் தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போட்டோம். எஞ்சியவை 60 புள்ளிகள்; 3,000 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி வீதம் நான்கு ஆண்டும் ஒரு மாதமும். மாமியாரின் புண் ஆறும்வரை, முதலாண்டில் இரண்டே இரண்டு பாடங்கள் மட்டும் எடுப்பது. அதனால் ஐந்தாண்டு ஆனாலும் ஆகட்டும். பண்ணையிற் கணவருக்கு இரவுக் காவல் முறை வரும் வாரங்களில் ஒப்படை எதுவும் வைத்துக்கொள்வதில்லை. மகனின் வீட்டுவேலையும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலும் கணவர் பொறுப்பு. சமையலைப்பற்றி அவர் சிறிது தயங்கினார். பண்ணையில் இருபது பேருக்குக் கஞ்சி காய்ச்சுவது யார் என்று மனைவி கேட்டதும் ஒப்புக்கொண்டார்.

இவ்வளவு நேரமும் கட்டிலிற் காலை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்த மாமியார், அப்பொழுதுதான் வாய் திறந்தார். கடலுக்குப் போகிறவர்களுக்குத் தேநீர் வைத்து வைத்து, நாற்பது ஆண்டாக நான்கு மணிக்குத் தமக்கு விழிப்பு வந்துவிடுகிறதாம். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமற் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாராம். “மணிக்கூடு ஏன், நான் எழுப்பி விடுகிறேன் பிள்ளை. அடுப்படிக்கு மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டு போய் விட்டால் போதும், தேநீரும் வைப்பேன்” என்றார். அவர் மூன்றாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, சிலாபத்துக்கு ஓர் அலுவலாகச் செல்ல நாமும் முந்தற் சந்தியில் நின்றோம். மோட்டார் சைக்கிளில் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார் கணவர். முன்னால், எண்ணெய்த் தாங்கியின்மேல் அரைத் தூக்கத்தில் மகன். பஸ் வந்ததும் ஆசிரியை ஏறி எமக்கு முன் ஆசனத்தில் அமர்ந்தார். மாமி கட்டிக்கொடுத்த இடியப்பப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஒப்படைத் தாளை விரித்தார். ஆராய்ச்சிக்கட்டுவை தாண்டும் வரை தலை நிமிரவில்லை. பின்பு திரும்பி, ஆகுபெயருக்கும் அன்மொழித்தொகைக்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை சொல்லித் தர முடியுமா என்று கேட்டார். சிலாபம் வருமுன் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினோம். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி மாதம்பைவரை போய்விட்டோம்.